சுற்று நோட்டு

"மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று தலைமைச் சகோதரி அவர்கள் கேட்டபோது நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 1979-இல் பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறிய நாள்முதல் நாங்கள் மலரில் எழுதியதில்லை. படிக்கும் காலத்திலும் எங்கள் பெயர் அதில் வந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் கோலப்போட்டி ஆறுதல் பரிசுப் பட்டியலில், எழுத்துப் பிழையுடன்.

நால்வர் என்றோம். ஏரல்காரி ஒருத்தி, கடைத்தெருவில் அவள் தகப்பனாருக்குப் பாத்திரக்கடை. ஆத்தூர்க்காரி ஒருத்தி, வெற்றிலைக் கொடிக்கால் வீட்டுப் பெண். மணப்பாட்டுக்காரி ஒருத்தி, கடல்தொழில் குடும்பம். தூத்துக்குடிக்காரி ஒருத்தி, உப்பளத்துக் கணக்கர் மகள். இந்த அளவு அறிமுகம் போதும் என்று நினைக்கிறோம். மலர் பல கைக்குப் போகும். தோழிக்கென்று எழுதியது பிறர் கைக்குப் போனதில் ஒருமுறை நன்றாகப் பட்டுவிட்டோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

எங்களில் மூவர் போர்டிங்கில் இருந்தோம். ஏரல்காரி மட்டும் வீட்டிலிருந்து வந்து போவாள். போர்டிங்கில் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உண்டு, மணி அடித்தால் உறங்கவேண்டும். வானொலி என்ற பேச்சே கிடையாது. அவள் வீட்டிலோ ஒரு மர்பி ரேடியோ இருந்தது. அந்நாளில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபாலாபீசில் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிந்து வரவேண்டும். அத்தகைய மதிப்புள்ள பெட்டி அது. பித்தானைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே விளக்குகள் சூடேறி, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறகுதான் கொழும்பு பேசும்.

ஆம், கொழும்பு! எங்கள் கரையில் வானொலி என்றால் இலங்கை வானொலிதான். திருநெல்வேலியில் 1963-லேயே நமது அரசின் நிலையம் வந்துவிட்டது. ஆனாலும் என்ன? 1952-இல் மத்திய அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் அவர்கள், திரைப்பாடல்கள் ரசனையைக் கெடுக்கும் என்று எண்ணி அகில இந்திய வானொலியில் அவற்றை ஒதுக்கி வைத்தார்கள். அந்த இடைவெளியில் கொழும்பு நுழைந்துவிட்டது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியும், எங்கள் பக்கத்தாரின் காதைத் திருப்ப முடியவில்லை. காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டால்தான் எங்கள் தெருக்களில் இட்லிச் சட்டி அடுப்பேறும். பி. எச். அப்துல் ஹமீது அவர்களின் 'பாட்டுக்குப் பாட்டு' நேரத்தில் கடைக்காரர் பொட்டலம் மடிக்க மறந்து நிற்பார். கே. எஸ். ராஜா அவர்களின் பேச்சோ, ஆற்றில் வெள்ளம் வந்தாற்போலத் தடையின்றி ஓடும்.

இரவில் அவள் கேட்பாள். காலையில் நாங்கள் கேட்போம், அவள் வாயால்! பிரேயருக்கு முன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் எத்தனையைச் சொல்ல முடியும்? ஆகவே அவள் எழுதிக்கொண்டு வரத் தொடங்கினாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று. நேற்று வந்த பாட்டு என்ன, யார் பாடியது, இளையராஜா புதிதாக என்ன செய்திருக்கிறார், வீட்டில் என்ன குழம்பு, அம்மாவுக்கும் சித்திக்கும் என்ன சண்டை, எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் மூவரும் படித்துவிட்டுக் கீழே எங்கள் பதிலை எழுதுவோம். கமலஹாசன் கட்சி இருவர், சிவாஜி கட்சி ஒருத்தி. மணப்பாட்டுக்காரி நடிகர் யாரையும் ஏற்கமாட்டாள். வாணி ஜெயராம் குரலுக்குத்தான் அவள் அடிமை. அறிவிப்பாளர்களின் முகம் எப்படியிருக்கும் என்று படம் வரைந்து பார்த்த பக்கங்களும் உண்டு. குரல் மட்டும் தெரிந்த மனிதருக்கு மீசை வைப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம்!

கடைசிப் பக்கத்துக்கு 'ஏன்?' என்று தலைப்பு. மனத்தில் தோன்றும் ஐயத்தை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். மணப்பாட்டுக்காரி ஒருநாள் எழுதினாள்: "சென்னை நம் நாடு, கொழும்பு வேறு நாடு. கொழும்பு தெளிவாகக் கேட்கிறது, சென்னை கரகரக்கிறது, ஏன்?" எங்களுக்கு விடை தெரியவில்லை. அந்தப் பக்கத்தோடுதான் விஞ்ஞான வகுப்பில் பிடிபட்டோம்.

சகோதரி நோட்டை வாங்கி முதலிலிருந்து புரட்டினார்கள். எங்களுக்கு உயிரே இல்லை. அதில் இன்னொரு பக்கமும் இருந்தது: கொழும்புக்குப் போய் வானொலி நிலையத்தைப் பார்த்துவர நாங்கள் போட்ட திட்டம்! ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து ரயில், கையிருப்பு 11 ரூபாய் 40 காசு. பாஸ்போர்ட் என்று ஒன்று வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. சகோதரி அந்தப் பக்கத்தைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்து, கரும்பலகையில் கடலையும் கரையையும் வரைந்தார்கள்.

மத்திய அலை நிலத்தை ஒட்டிப் போகிறது. காய்ந்த நிலம் அதன் வலுவை உறிஞ்சிவிடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் அவ்வளவு இழப்பு இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 150 கடல்மைல். பெரும்பாலும் தண்ணீர்ப் பாதை. இரவானால் வானத்தின் மேலடுக்கும் அலையைத் திருப்பி அனுப்பும். இன்னும் தூரம் கேட்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நோட்டைத் திருப்பித் தந்தார்கள். தரும்போது இன்னொன்றும் சொன்னார்கள். மணப்பாட்டுக் குகையைக் காட்டி ஊரார் பெருமை பேசும் புனித சவேரியார், 1542-இல் இந்தக் கரைக்கு வந்தவர். 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு மணப்பாட்டிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் கடிதம் கடிதமாக எழுதியவர். ஐரோப்பாவிலிருந்து தோழர்கள் எழுதிய கடிதங்களில் அவர்களுடைய கையொப்பங்களை மட்டும் வெட்டியெடுத்துக் கழுத்தில் அணிந்திருந்தாராம். "எழுதுங்கள். ஆனால் யார் கைக்குப் போகிறது என்று பார்த்து எழுதுங்கள்" என்றார்கள். முதல் பாதியை மட்டும் நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

பள்ளி முடிந்தது. ஆத்தூர்க்காரியும் தூத்துக்குடிக்காரியும் பிளஸ் டூ சேர்ந்தார்கள். மணப்பாட்டுக்காரி ஆசிரியப் பயிற்சிக்கு வழி தேடினாள். ஏரல்காரியை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எங்களில் நன்றாகப் படித்தவள் அவள்தான் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

நோட்டு மட்டும் நிற்கவில்லை. தபாலில் சுற்றத் தொடங்கியது. ஏரலிலிருந்து ஆத்தூர், ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி, தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு, மீண்டும் ஏரல். ஒரு சுற்றுக்கு மூன்று வாரம். தூரத்தால் அல்ல, படித்து, எழுதி, 'பொம்மை'யில் படம் வெட்டி ஒட்டி, தபால்தலைக்குக் காசு தேறுவதற்கு அவ்வளவு நாள் ஆகும். 'புக் போஸ்ட்' என்று மேலே எழுதி ஓரத்தைத் திறந்துவிட்டால் குறைந்த காசில் போகும். கையால் எழுதிய சொந்தக் கடிதத்தை அப்படி அனுப்பக்கூடாது என்பது விதி. தெரியாமல் செய்தோம் என்று சொல்லமாட்டோம். சில நேரம் தபால்காரர் கண்டுபிடித்து, குறைந்த தொகைக்கு இரண்டு மடங்கு 'டியூ' போட்டு, பெறுகிறவரிடம் வசூலித்துவிடுவார். ஆத்தூர்க்காரியின் தகப்பனார் இருமுறை கட்டினார். மூன்றாம் முறை, "இந்தக் காசுக்கு ஒரு கவுளி வெற்றிலை கட்டலாமே" என்று முனகிக்கொண்டே கட்டினார்.

இப்படி நான்கு ஆண்டு, ஆறு நோட்டு. ஏரல்காரிக்கு 1982-இல் அதே ஊரில் திருமணமாயிற்று. 1983-இல் ஆறாவது நோட்டு அவள் புகுந்த வீட்டுக்குப் போனது. 'டியூ' விழுந்திருந்தது. காசு கட்டிய வீட்டார் பிரித்துப் பார்த்தார்கள், பார்க்கத்தானே செய்வார்கள்! அதில் எங்களில் ஒருத்தி (யார் என்று சொல்லப்போவதில்லை, மூவரும் சிரித்தோம், மூவருக்கும் பங்குண்டு) கமலஹாசன் படம் ஒன்றை ஒட்டி, "உன் மாப்பிள்ளை இவருடைய கால்தூசிக்காவது தேறுவாரா?" என்று எழுதியிருந்தாள். அதை நடுவீட்டில் உரக்கப் படித்தார்களாம்.

ஒரு வாரத்தில் எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கார்டு வந்தது. "இனி எனக்கு எதுவும் எழுத வேண்டாம்." கையொப்பம்கூட இல்லை.

என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எங்களுக்குக் கோபம் வந்தது. "கல்யாணம் ஆனதும் தலைக்கனம் வந்துவிட்டது" என்று பேசிக்கொண்டோம். அவ்வாண்டு ஜூலையில் இலங்கையில் தமிழர்மேல் நடந்த வன்முறைக்குப் பின் கொழும்பைப் பாட்டுக்காகத் திருப்பும் கையும் தயங்கியது. நோட்டின் நினைவும் அதோடு மங்கிப்போயிற்று. ஏரல் என்ன எட்டாத ஊரா? சேர்மன் அருணாசல சுவாமி கோயில் ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பார்க்கவும், பாத்திரம் வாங்கவும் எங்களில் இருவர் பலமுறை அந்தக் கடைத்தெருவில் நடந்திருக்கிறோம். அவள் வீட்டுத் தெருமுனை வந்ததும் நடையைக் கூட்டுவோம். முப்பத்து நான்கு ஆண்டு!

2017-இல் ஆத்தூர்க்காரியின் மகள்தான் நால்வரின் எண்ணையும் தேடிப்பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்துக் கொடுத்தாள். பெயர் என்ன வைக்க என்று கேட்டாள். 'சுற்று நோட்டு' என்றோம் மூவரும். ஏரல்காரி அன்று ஒன்றும் எழுதவில்லை.

எங்கள் குழுவில் வராதது கிடையாது. காலையில் சுட்ட தோசை, முழங்கால் தைலம், பேரன் பல் விழுந்தது, பழைய பாட்டு. 'ஏன்?' பக்கமும் திரும்பி வந்தது. 2021-இல், ஏரலுக்கு அண்மையிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமி ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை உடையது என்று அரசு அறிவித்தபோது, உமி எப்படி மட்காமல் இருந்தது என்று இரண்டு நாள் வாதாடினோம். ஏரல்காரி மட்டும் நாள்தோறும் ஒரு பூப்படம் போடுவாள். அதில் 'காலை வணக்கம்' என்று இருக்கும். அவ்வளவுதான். தன் கதை ஒரு வரி வராது. எங்களுக்கு இதுவும் பழகிவிட்டது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையை இம்மலரைப் படிக்கும் யாருக்கும் நாங்கள் விவரிக்கவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணி கரை கொள்ளாமல் ஏரலுக்குள் புகுந்தது, பாலத்தோடு சேரும் சாலையை அரித்துக்கொண்டு போயிற்று, ஊர் துண்டாகிவிட்டது. திங்கட்கிழமை காலை அவளுடைய பூப்படம் வரவில்லை.

நாங்கள் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றைக் குறியே விழுந்தது. போய்ச் சேரவில்லை என்று பொருள். செவ்வாய் ஒற்றைக் குறி. புதன் ஒற்றைக் குறி. கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி வெள்ளத்துக்குள் போனார்கள். மணப்பாட்டுக்காரியின் தம்பி மகனும் போனான். அவனால் ஏரலை எட்ட முடியவில்லை. தினம் பார்த்துச் சலித்த அந்தப் பூப்படத்துக்கு நாங்கள் மூவரும் இரவெல்லாம் விழித்துக் காத்திருந்தோம். ஜெபமாலையும் கையுமாக இருந்தவள் ஒருத்தி. போனைக் கீழே வைக்காதவர் இருவர்.

வெள்ளிக்கிழமை மாலை குரல் செய்தி ஒன்று வந்தது.

"ஏட்டி, எல்லாரும் நல்லாருக்கீங்களா? வீட்டுக்குள்ள ஆள் உசரத்துக்குத் தண்ணி. மாடியில இருந்தோம். உசுருக்கு ஒண்ணுமில்ல. நோட்டுதான் நனைஞ்சு போச்சு."

எந்த நோட்டு?

அப்போதுதான் தெரிந்தது. 1983-இல் அவள் மாமியார் நோட்டை அடுப்பில் போடச் சொல்லியிருக்கிறார். இவள் கடையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை அடுப்பில் போட்டுவிட்டு, எங்கள் நோட்டைப் பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் மரப்பெட்டியில் மறைத்துவிட்டாள். நாற்பது ஆண்டும் அது அங்கேயே இருந்திருக்கிறது. எங்கள் கையிலிருந்த மற்ற ஐந்து நோட்டுகளும், வெட்கத்தோடு சொல்கிறோம், கரையானுக்கும் பழைய பேப்பர்க்காரருக்கும் போய்விட்டன.

சாலை சரியானதும் ஜனவரியில் மூவரும் போனோம். சுவரில் சேற்றுக்கோடு எங்கள் தலைக்குமேல் இருந்தது. மொட்டைமாடிக் கொடியில் துணிக்குப் பதில் தாள்களைக் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தாள். நாங்கள் மூவரும் ரீபில் பேனாவில் எழுதினவர்கள். அந்த மை எண்ணெய்ப் பிசுக்கு உடையது. வெள்ளம் அதை ஒன்றும் செய்யவில்லை. அவள் பள்ளி வழக்கத்தை விடாமல் கடைசிவரை இங்க் பேனாவில் எழுதினவள். எங்களில் அழகான கையெழுத்து அவளுடையதுதான். அவள் எழுதிய பக்கங்களெல்லாம் வெறும் நீலக்கறையாகிக் கிடந்தன.

"நான் என்ன எழுதியிருந்தேன்? யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

ஒருத்திக்கும் இல்லை. பாட்டுப் பட்டியல் நினைவிருந்தது. மீசைச் சண்டை நினைவிருந்தது. நீலக்கறை படிந்த பக்கம் ஒன்றின் அடியில், தூத்துக்குடிக்காரியின் கையெழுத்தில், எங்கள் மூவர் சார்பிலும் ஒரு பதில் மட்டும் பளிச்சென்று நின்றது: "நீ எழுதியதைப் படித்தோம். அது கிடக்கட்டும், புதுப் பாட்டைக் கேட்டாயா?"

எது கிடக்கட்டும்? அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். பிறகு அவளே சொன்னாள்: "எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இருக்கான்னுதான் கேட்டேன்." அன்று மாலைவரை அவள் பேசினாள், நாங்கள் கேட்டோம். அவள் சொன்னதை இங்கே எழுதவில்லை. மலர் பல கைக்குப் போகும்.

ஆத்தூர்க்காரியின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. கொரியாவின் பி.டி.எஸ். பாடகர்கள் எழுவரின் பிறந்தநாளும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஈப்போவிலும் யாழ்ப்பாணத்திலும் அவளுக்குத் தோழிகள் உண்டு. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்து மாணவியர் மூவர், அந்தப் பாடகர்களைப் பார்க்கக் கொரியாவுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டுக் காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தி வந்தது. வீட்டில் எல்லாரும் போனைப் பிடுங்கவேண்டும் என்றார்கள். ஆத்தூர்க்காரியும் தலையாட்டத்தான் போனாள். 11 ரூபாய் 40 காசு நினைவுக்கு வந்துவிட்டது! பேத்தியை அருகில் அழைத்து, "உன் யாழ்ப்பாணத் தோழிக்குப் பாட்டுத் தவிர வேறு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள். பேத்தி யோசித்தாள். "கேட்டதில்லையே ஆச்சி" என்றாள். மறுநாள் கேட்டுவந்து சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லையாம்.

ஏரல்காரி இப்போது பூப்படம் போடுவதில்லை. ஏழாவது நோட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டாள்; நூறு பக்கம், கெட்டி அட்டை. ரீபில் பேனாவில்தான் எழுதவேண்டும் என்பது அவள் கட்டளை. இந்தக் கட்டுரையும் அதில்தான் முதலில் எழுதப்பட்டது. அவளிடம் காட்டினோம். இரண்டு வரிகளை அடித்துவிட்டு, மாமியாரைப் பற்றிய இடத்தில் "பின்னாளில் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்" என்று சேர்க்கச் சொன்னாள், சேர்த்துவிட்டோம்.

நோட்டு இப்பொழுது மணப்பாட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் ஏரலுக்குப் போகும். இம்முறை தபால்தலை முழுத்தொகைக்கும் ஒட்டியாயிற்று.

— பழைய மாணவியர் நால்வர்